குக்கர் ஒரு ஊர்ல, நாங்க ஒரு ஊர்ல: ஜப்பான்ல பன்னெண்டு நாள்

டிசம்பர் 23, கியோட்டோ

வந்து சேந்துட்டோம். நேத்து கோயமுத்தூர்ல ஏறி, சிங்கப்பூர்ல மாறி, ராத்திரி பூரா பாப்பாவோட கால் என் வயித்துல, மத்தியானம் ஒசாகா கன்சாய் ஏர்போர்ட்ல இறங்கினோம். அந்த ஏர்போர்ட்டே கடலை நிரப்பிக் கட்டின தீவுங்க, பிளேன் தண்ணியில இறங்கப் போவுதுன்னே அத்தை கண்ணை மூடிக்கிட்டாங்க.

மொத்தம் அஞ்சு பேர். நான், அவரு, எட்டாவது படிக்கிற பையன், ரெண்டாவது படிக்கிற பாப்பா, 68 வயசு அத்தை. அரைப்பரீட்சை லீவுக்கு எல்லாரும் ஊட்டி போறப்ப நாங்க மட்டும் ஏன் இப்படின்னா, அவரு மூணு வருஷமா சேத்து வச்ச மைல்ஸ் டிசம்பரோட காலாவதி ஆவுது. அவ்வளவுதான் காரணம், வேற கலாச்சாரத் தேடல் எல்லாம் ஒண்ணும் இல்ல.

கியோட்டோ வர ஹருக்கா ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம். ஸ்டேஷன்ல ஐசி கார்டு வாங்கினோம், நம்மூர் மெட்ரோ கார்டு மாதிரிதான், தொட்டாப் போதும். பாப்பாவுக்கு அரை டிக்கெட் கார்டு, பாஸ்போர்ட் காட்டினாத்தான் குடுப்பாங்க. அதை கேட்ல வச்சா குருவிக்குஞ்சு மாதிரி கீச்கீச்னு சத்தம் வருது. பையனுக்கு 13 வயசு, ஜப்பான் ரயில் கணக்குல அவன் பெரியாள், முழு டிக்கெட். அதுல அவனுக்கு ஒரு பெருமை, எங்களுக்கு செலவு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். மாமா போனதுல இருந்து அத்தை கவிச்சி தொடறதில்ல, முட்டையும் கிடையாது. அதனால ஒரு பெட்டி முழுக்க சாப்பாட்டு சாமான்: குட்டி எலக்ட்ரிக் குக்கர், அஞ்சு கிலோ அரிசி, அரிசிம்பருப்புக்கு எல்லாம் வறுத்துக் கலந்த பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய். ரூம்ல சமைக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கான்னு நான் தேடிப் பாக்கல, பாத்தா சமைக்க முடியாது பாருங்க.

ஏழு மணிக்கு குக்கரை வச்சேன். ஏழரைக்குத் தொறந்தா தண்ணி குளிக்கிற பதத்துல இருக்கு. எட்டு மணிக்கு லேசா ஆவி. எட்டேகாலுக்கும் அதே ஆவி, கொதியே வரல. அப்பத்தான் பையன் குக்கரைத் தலைகீழாப் பாத்துட்டு சொல்றான், "அம்மா, இது 230 வோல்ட்டுக்கு 600 வாட். இங்க கரண்ட்டே 100 வோல்ட்தான். வோல்ட் பாதிக்கும் கீழ போனா வாட் அஞ்சுல ஒரு பங்காப் போயிடும், இப்ப இது 113 வாட் குக்கர்." பழைய காலத்து குண்டு பல்பு மாதிரின்னு வச்சுக்கங்க. நான் அடாப்டர் பத்தி ஆறு வீடியோ பாத்தேன், தட்டையான ரெண்டு பின் வேணும்னு தேடித் தேடி வாங்கினேன், இதை ஒருத்தரும் சொல்லல.

அப்புறம் அவருதான் ஐடியா குடுத்தாரு. ரூம்ல இருந்த கெட்டில் இந்த ஊர் கரண்ட்டுக்குச் செஞ்சது, மூணே நிமிஷத்துல கொதிச்சுச்சு. அதை ஊத்தி மூடி வச்சா, சூட்டைப் பிடிச்சு வைக்கிற வேலையை மட்டும் எங்க குக்கர் ஒழுங்காப் பாத்துச்சு. ஒன்பதரைக்கு அரிசிம்பருப்பு. கொஞ்சம் குழைஞ்சிருந்துச்சு, யாரும் ஒரு வார்த்தை பேசல.

டிசம்பர் 24, ஃபுஷிமி இனாரி

காலைல ஏழரைக்கே கெளம்பிட்டோம், குளிர் 2 டிகிரி. கியோட்டோ ஸ்டேஷன்ல இருந்து ரெண்டாவது ஸ்டாப், எறங்கினா எதுக்கயே கோயில். டிக்கெட் இல்ல, கதவும் இல்ல, 24 மணி நேரமும் தொறந்தே இருக்கு. ஆரஞ்சு கலர் வளைவு ஒண்ணை ஒண்ணு ஒட்டி ஆயிரக்கணக்குல, மலை மேல வரைக்கும் போவுது. ஒவ்வொரு தூண் பின்னாடியும் கருப்புல எழுத்து. எல்லாம் நேந்துக்கிட்டுக் குடுத்தவங்க பேருங்க, கம்பெனிங்கதான் அதிகம். நம்மூர்ல டியூப்லைட்டு குடுத்துட்டு வெளிச்சமே வராத அளவுக்கு உபயம்னு பேர் எழுதுவாங்கல்ல, அதே பாசம்தான்.

சாமி நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உள்ள சாமி. நரி அதோட தூதன், கழுத்துல செவப்புத் துணி, வாயில சாவி, நெல்லுக் களஞ்சியத்தோட சாவியாம். அத்தை ஒரு நரிக்கு முன்னாடி நின்னு கும்பிட்டாங்க. "நெல்லு சாமின்னா நமக்கும் சாமிதான அம்மணி."

மலை 233 மீட்டர்தான், ஆனா பாதியிலயே முட்டி வலிக்குதுன்னு அத்தை உக்காந்துட்டாங்க, அங்கயே எல்லாரும் திரும்பிட்டோம். திரும்பறப்பதான் பாக்கறோம், அத்தையோட வலது கை க்ளவுஸ் இல்ல. ஊதாக் கலர், கிளம்பறதுக்கு மொத நாள் கோயமுத்தூர் டவுன்ஹால்ல வாங்கினது. போனாப் போவுதுன்னு இறங்கினா, கீழ ஒரு வளைவுல கைப்பிடிக் கம்பி மேல, அஞ்சு விரலும் மேல பாத்த மாதிரி யாரோ செருகி வச்சிருக்காங்க. கீழ கெடந்தா மிதிபடும்னு எடுத்து, போறவங்க கண்ணுல படற மாதிரி வச்சுட்டுப் போறது இங்க பழக்கமாம், அப்புறமும் ரோட்டோரம் கிளையில, தூண்ல இந்த மாதிரி நாலஞ்சு பாத்துட்டேன்.

மத்தியானம் மினி மார்க்கெட்ல ஒனிகிரி. முக்கோண சாதம், சுத்தி கடல்பாசித் தாள். உப்புல போட்ட உமேங்கற புளிப்புப் பழம் வச்சதுல, மீன் சேக்காததாப் பாத்து அத்தைக்குக் குடுத்தோம். அந்தக் கவர்ல 1, 2, 3ன்னு நம்பர் போட்டிருக்கும், அந்த வரிசையில இழுக்கணும், அப்பத்தான் பாசி மொறுமொறுன்னு சாதத்துல வந்து ஒட்டும். அத்தை நேரா நடுவுல பிச்சாங்க. பாசி ஒரு பக்கம், சாதம் மடியில. ஆனா அந்தப் பழம் ஒரு கடி கடிச்சதும் முகம் மாறிடுச்சு. "இது நம்ம நார்த்தங்காய்க்குத் தங்கச்சிடி."

ராத்திரி பொரிச்ச கோழிக் கடை வாசல்ல பெரிய க்யூ. இங்க கிறிஸ்துமஸ்னா அதுவும் ஸ்ட்ராபெரி கேக்கும்தான். கிறிஸ்தவங்க ரொம்பக் கம்மி, ஆனா கோழி மட்டும் முன்கூட்டியே புக் பண்ணணும்.

டிசம்பர் 25, நாரா

மான். வேற என்ன சொல்றது. ரோட்டுல, கடை வாசல்ல, பஸ் ஸ்டாப்ல, ஆயிரத்துக்கும் மேல இருக்கு. 200 யென் குடுத்து மான் பிஸ்கெட் வாங்கினா தலையைக் குனிஞ்சு வணக்கம் சொல்லுது. நாம திரும்பிக் குனிஞ்சா மறுபடியும் குனியுது. பாப்பாவுக்கு ஒரே சந்தோசம், பிஸ்கெட் தீர்ற வரைக்கும். தீந்ததும் அதுங்க மரியாதையும் தீந்துடுச்சு. ஒரு மான் அவரோட பின்பாக்கெட்ல இருந்த மேப்பை உருவி நின்ன எடத்துலயே மென்னு முழுங்குச்சு. அப்புறம் ஒரு ஜப்பான் பாட்டி வந்து, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுங்க, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா போயிடும்னு சைகையில சொல்லிக் குடுத்தாங்க. அதுவே போயிடுச்சு!

தோதாய்ஜி கோயில்ல புத்தர் வெண்கலத்துல உக்காந்திருக்காரு, 15 மீட்டர். சுத்தி இருக்கற மரக் கட்டடம் 1709ல திருப்பிக் கட்டினது. மொதல்ல இருந்தது இதை விட அகலமாம், எனக்கு இதுக்கே கழுத்து வலிச்சுச்சு. ஆனா நான் இங்க வரணும்னு சொன்னதுக்குக் காரணம் வேற. 752ல இந்தச் சிலைக்குக் கண் திறந்தாங்க, நம்மூர்ல சிற்பி செய்யற அதே சடங்கு. அன்னிக்கு தூரிகையைப் பிடிச்சு புத்தருக்குக் கண்ணு எழுதினவரு இந்தியாவுல இருந்து கடல் கடந்து வந்த போதிசேனர்ங்கற பிக்கு. தூரிகையில நீள நீளமாக் கயிறு கட்டி, கீழ நின்ன கூட்டமும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்களாம், எல்லாரும் சேந்து கண் திறந்த மாதிரி. அவரு தென்னாட்டுக்காரர்னு சொல்றவங்களும் உண்டு. நான் இதைச் சொன்னதும் அத்தை ரொம்ப நேரம் அந்தக் கண்ணையே பாத்துட்டு, "அந்தக் காலத்துல அந்தாளு என்னத்தச் சாப்பிட்டிருப்பாரு"ன்னாங்க.

நியாயமான கேள்விதான். ஏன்னா அன்னிக்கு மத்தியானம் உடோன்ங்கற தடி நூடுல்ஸ் கடையில காய்கறி மட்டும்னு சொல்லி வந்த சூப்புல ஒரு வாசம். எனக்கு சட்டுனு தெரிஞ்சுது, மாசி. சூரை மீனைப் புகை போட்டுக் காய வச்சு, சீவிப் போட்டுக் கொதிக்க வைக்கிறாங்க, இங்க நெறையக் குழம்புக்கு அதுதான் அடி. காய்கறி மட்டும்னா மேல மெதக்கறது மட்டும் காய்கறின்னு அர்த்தம் போல. அத்தை கிண்ணத்தை மெதுவா நகத்தி வச்சுட்டாங்க. பெட்டியில குக்கர் இருக்குன்னு நான் தைரியமா இருந்தேன்.

டிசம்பர் 26, கியோட்டோ

தங்கக் கோயில். 1950ல ஒரு இளம் துறவி தீ வச்சு, 1955ல திரும்பக் கட்டினது. பளபளன்னு இருக்கு. கூட்டம் தள்ளுது, பஸ்ல நின்னுக்கிட்டே முக்கால் மணி நேரம், வயசானவங்களோட போறவங்க இதை விட்டுட்டா ஒண்ணும் நஷ்டம் இல்ல.

சாயந்தரம் புத்திசாலித்தனமா ஒரு காரியம் பண்ணினோம். இங்க பெட்டியை ஹோட்டல்லயே குடுத்தா அடுத்த ஊர் ஹோட்டலுக்குப் போய் நமக்கு முன்னாடியே உக்காந்திருக்கும். ரெண்டு பெரிய பெட்டியை டோக்கியோவுக்கு அனுப்பிட்டு, ஒரு பெட்டியோட பனி ஊருக்குப் போறதுன்னு பிளான். 30ஆம் தேதி கைக்குக் கெடைக்கும்.

டிசம்பர் 27, கனசவா

தப்பான பெட்டியை அனுப்பிட்டேன்.

எங்ககிட்ட இருக்கறது சொந்தக்காரங்களுக்கு வாங்கின விசிறி, சாவிக்கொத்து, மான் பொம்மை, அவரோட அரைக்கை சட்டை ஆறு. டோக்கியோ போயிட்டிருக்கறது குக்கர், அரிசி, பொடி, நார்த்தங்காய், எல்லாரோட தெர்மலும். ரெண்டும் ஒரே கலர், ஒரே சைஸ், ஆஃபர்ல வாங்கினது. தொறந்து பாத்தப்ப ரூம்ல ஒரு நிசப்தம். அவரு ஒண்ணும் சொல்லல, அரைக்கை சட்டை ஒண்ணை எடுத்து ஹேங்கர்ல மாட்டினாரு. அதுக்கு திட்டியிருக்கலாம்.

கெளம்பற வழியே அவசரம்தான். முந்தி கியோட்டோல இருந்து ஒரே ரயில், 2024 மார்ச்சுல புல்லட் ரயிலை சுருகா வரைக்கும் நீட்டினதுல இருந்து நடுவுல மாறணும், அதுக்கு எட்டு நிமிஷம்தான். அத்தை புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிட்டு எங்களுக்கு முன்னாடி எஸ்கலேட்டர் ஏறிட்டாங்க.

இந்த ஊர்ல ஒரு சொலவடை உண்டாம், சோத்தை மறந்தாலும் கொடையை மறக்காதேன்னு. நாங்க ரெண்டையும் மறந்தவங்க. கென்ரோகுயென் தோட்டத்துல மழையும் பனியும் கலந்து ஊத்துது. ஆனா அங்க ஒண்ணு பாத்தேன், அது எனக்கு ரொம்பப் புடிச்சுது. பெரிய பைன் மரத்துக்கு நடுவுல உயரமா கம்பம் நட்டு, உச்சியில இருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு, கொடைக் கம்பி மாதிரி. இந்தப் பக்கம் பனியில ஈரம் ஜாஸ்தி, கனத்துல கிளை முறிஞ்சிடும், அதுக்காக நவம்பர் 1ஆம் தேதியே கட்ட ஆரம்பிச்சிடுவாங்க. குலை தள்ளின வாழைக்கு முட்டுக் குடுக்கற ஊர்லருந்து வந்தவங்களுக்கு இதைப் பாத்தா ஒரு இது.

ஜப்பானோட தங்கத் தாள் கிட்டத்தட்ட முழுக்க இந்த ஊர்லதான் அடிக்கிறாங்க, அதனால தங்கத் தாள் ஒட்டின ஐஸ்கிரீம். பாப்பா மூக்குல தங்கம். எனக்கு ருசி ஒண்ணும் தெரியல, தங்கத்துக்கு என்ன ருசி. தெர்மல் ஆளுக்கு ஒண்ணு திரும்ப வாங்கினோம், எவ்வளவுன்னு எழுத மாட்டேன்.

டிசம்பர் 28, ஷிரகவாகோ

முன்கூட்டி புக் பண்ணின பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம். ஒரு நீளச் சுரங்கத்துக்குள்ள போறப்ப மழை, வெளிய வர்றப்ப எல்லாம் வெள்ளை. பஸ்ல பேச்சே நின்னு போச்சு. பையன் கூட போனைக் கீழ வச்சுட்டான்.

இறங்கினதும் பாப்பா பனியில ஒரு காலை வச்சா, முட்டி வரைக்கும் உள்ள போயிடுச்சு, அழுவா போலன்னு பாத்தா, அடுத்த காலையும் அவளே வச்சுக்கிட்டா. கிராமம் பூரா ஓலை வேஞ்ச மாதிரி வீடுங்க, கூரை 60 டிகிரி சரிவு. ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்ட மாதிரி இருக்கறதால இந்த வீடுங்களுக்குப் பேரே காஷோ-சுகுரி, கும்பிட்ட மாதிரி கட்டினதுன்னு அர்த்தமாம். 1995ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேந்துச்சு. உள்ள போய் பாத்தோம், மேல்மாடிக் கூரையில ஆணி கிடையாது, கட்டைங்களைக் கயித்தாலயும் வளைஞ்ச குச்சியாலயும்தான் கட்டியிருக்காங்க, முந்தி அங்க பட்டுப்பூச்சி வளத்தாங்க. கீழ நடுக்கூடத்துல எரியற அடுப்புப் புகை மேல போய்ப் போய் கூரையைக் கருப்பாக்கி, பூச்சி வராமப் பாத்துக்குது. கூரை மாத்தறப்ப ஊரே ஒரு வீட்டுக்கு வந்து வேலை பாத்துட்டுப் போவும், அடுத்த வருஷம் இன்னொரு வீடு. கூலி கெடையாது, வேலைக்கு வேலைதான். "நம்ம பாட்டன் காலத்துல சாளை வூட்டுக்கு இப்படித்தான் மேய்வாங்க, ஒரு நாள் நம்ம வூடு, ஒரு நாள் பக்கத்து வூடு"ன்னு அத்தை தூணைத் தட்டிப் பாத்துட்டே சொன்னாங்க. இங்க என்னைக் காட்டிலும் அவங்களுக்குத்தான் எல்லாம் புரிஞ்சுது.

ஆனா புடவை. உள்ள தெர்மல், மேல ஜாக்கெட், பையனோட பழைய ஷூ, எல்லாம் சரி, ஆனா புடவை ஓரம் பனியில நனைஞ்சு, தொங்குபாலத்துல நின்னு போட்டோ எடுக்கற அரை மணி நேரத்துல அப்படியே வெறைச்சுப் போச்சு. கஞ்சி போட்ட வேட்டி மாதிரி, நடந்தா டக்டக்னு ஷூவுல அடிக்குது. மெஷின்ல சூடா வர்ற டீ டின் ரெண்டு வாங்கி (மெஷின்ல அதுக்குக் கீழ செவப்புப் பட்டை இருந்தா சூடு, நீலம்னா ஜில்லு), ஒண்ணைக் குடிச்சாங்க, இன்னொண்ணை முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

டிசம்பர் 29, தக்கயாமா

நேத்து ராத்திரி வந்து சேந்தது ஒரு பழைய சத்திரம், பாய் விரிச்ச ரூம், தரையில மெத்தை. வெளிய மைனஸ் 4. யுகாத்தான்னு ஒரு பருத்தி அங்கி குடுத்தாங்க. அவரு குளிச்சுட்டு அதைக் கட்டிக்கிட்டு ஜம்முனு சாப்பிட வந்தாரு. பரிமாற வந்த அம்மா தட்டைக் கீழ வச்சுட்டு ஓடி வந்து, "இல்ல இல்ல"ன்னு சைகை காட்டி, அவரோட அங்கியைப் பிரிச்சு மாத்திக் கட்டினாங்க. அம்பது வயசு ஆம்பளை, எங்க எல்லாரு முன்னாடியும். விஷயம் என்னன்னா, இடது பக்கம்தான் மேல வரணும். வலது பக்கம் மேல வந்தா அது பொணத்துக்குக் கட்டற கட்டாம். அத்தைக்கு அதைச் சொன்னதும் அவரை இழுத்துப் பக்கத்துல உக்கார வச்சு மூணு சுத்து சுத்திக் கையை மடக்கி திருஷ்டி முறிச்சாங்க, அந்த அம்மாவுக்கு என்ன நடக்குதுன்னு புரியாம அவங்களும் தலை குனிஞ்சு வணக்கம் சொன்னாங்க.

அத்தைக்கு மீனும் மாசியும் வேண்டாம்னு முன்னாடியே மொழிபெயர்ப்பு ஆப்ல எழுதிக் காட்டியிருந்தோம். குட்டி கரி அடுப்பு மேல காஞ்ச பெரிய எலை, அதுல மிசோங்கற புளிக்க வச்ச சோயா விழுதும் காளானும் வெங்காயத்தாளும். சுட சுட எலை ஓரம் கருகி ஒரு வாசம் வருது பாருங்க. சோத்துல அதைத் தொட்டுத் தொட்டு அத்தை மூணு கிண்ணம் சாப்பிட்டாங்க. எலையில சாப்பாடுன்னதும் பாதி சமாதானம் ஆயிட்டாங்கன்னு நினைக்கிறேன்.

காலைல ஆத்தோரச் சந்தை, ஆப்பிள், ஊறுகாய், முகமே இல்லாத செவப்புத் துணி பொம்மை. வருஷக் கடைசி, மத்த எடம் பாதி மூடிட்டாங்க. நல்ல தூக்கம்.

டிசம்பர் 30, டோக்கியோ

ஹிதா ரயில்ல நகோயா, அங்கருந்து புல்லட் ரயில். வருஷக் கடைசியில நொசோமி வண்டியில ரிசர்வ் பண்ணாத பெட்டியே கிடையாது, போற போக்குல ஏறலாம்னு நினைச்சு வந்துடாதீங்க. டோக்கியோ போறப்ப ஃபியூஜி இடது பக்கம் தெரியும், ஈ சீட் கேட்டு வாங்குங்க. மேகமே இல்ல. பால் பொங்கி நாலா பக்கமும் வழிஞ்ச பானை மாதிரி இருந்துச்சு.

ஹோட்டல்ல பெட்டி எங்களுக்கு முன்னாடியே வந்து நிக்குது. அத்தை போய் அதைத் தொட்டுப் பாத்தாங்க.

ஜனவரி 1, அசக்குசா

நேத்து ராத்திரி பன்னெண்டுக்கு கோயில் மணி, 108 தடவை. நாங்க தூங்கிட்டோம்.

காலைல சென்சோஜி. 628ல ரெண்டு மீன் பிடிக்கிற அண்ணன் தம்பி வலையில கன்னோன்ங்கற கருணை தெய்வத்தோட சிலை கெடைச்சுதுன்னு கதை. வாசல்ல கிட்டத்தட்ட நாலு மீட்டர் உயர செவப்பு லாந்தர். ரெண்டு மணி நேரம் க்யூ, ஆனா ஒருத்தரும் இடிக்கல. 100 யென் போட்டு டப்பாவைக் குலுக்கி சீட்டு எடுத்தேன், கெட்ட பலன்னு வந்துச்சு, இந்தக் கோயில்ல அது நெறையவே வருமாம். அங்கயே கம்பியில கட்டிட்டு வந்துடலாம், கெட்டது அங்கயே நின்னுடும். பெட்டி விஷயம்தான் ஏற்கனவே முடிஞ்சுதேன்னு அவரு சொன்னாரு, அஞ்சு நாள் கழிச்சு மொத தடவையா அதைப் பத்தி.

ஹோட்டல் பக்கம் நெறையக் கடை மூடிக் கெடக்கு. ரூம்ல கெட்டில் தண்ணி ஊத்தி அரிசிம்பருப்பு, நார்த்தங்காய். புத்தாண்டு விருந்து.

ஜனவரி 2, உவேனோ

ஏரி நடுவுல பென்சாய்தென் கோயில். கையில வீணை மாதிரி ஒரு வாத்தியம், தண்ணி, கலை, பேச்சு எல்லாத்துக்கும் அவங்கதான். சரஸ்வதியேதான், புத்த மதத்தோட சீனா வழியா வந்து பேர் மாறிட்டாங்க. ஏரியில தாமரை பூரா காஞ்சு தண்டு தண்டா நின்னுச்சு.

மத்தியானம் நிஷி கசாய். ஐடி வேலைக்கு வந்த நம்மாளுங்க நெறைய இருக்கற ஏரியா. பத்து நாள் கழிச்சு தோசை. நான் ரெண்டு, பையன் மூணு. அத்தை பாதி சாப்பிட்டுட்டு, "புளிக்கல"ன்னு வச்சுட்டாங்க.

ஜனவரி 3, நரிட்டா ஏர்போர்ட்

பிளைட் லேட். மிச்சம் இருந்த சில்லறைக்கு என்ன வாங்கலாம்னு பாத்தப்ப அத்தை நேராப் போய் உமே ஒனிகிரி ஆறு எடுத்துட்டு வந்துட்டாங்க. எதுக்குங்க அத்தை ஆறுன்னா, பிளைட்ல என்னத்தக் குடுப்பானுங்களோன்னாங்க. இப்ப பக்கத்து சீட்ல பாப்பாவுக்கு ஒண்ணு பிரிச்சுக் காட்டிட்டிருக்காங்க, மொதல்ல நடுவுல, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. க்ளவுஸ் ஒண்ணுதான் கையில இருக்கு, இன்னொண்ணு டோக்கியோல எங்கயோ. எந்தக் கம்பி மேல நிக்குதோ தெரியல. போர்டிங் கூப்பிடறாங்க, வரேன்.